தாத்தா, தயவுசெய்து நடக்காதீங்க!

நடக்கவே மாட்டேன் என்று மாதக்கணக்கில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவர் திடீரென்று ஒரு நாள் எழுந்து நடக்கிறார். அதைப் பார்க்கும் சமூகப் பணி மாணவி என்ன செய்ய வேண்டும்? கைதட்ட வேண்டுமா, ஆனந்தக் கண்ணீர் விட வேண்டுமா, இல்லை, காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடி, "தாத்தா, உட்காருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்ச வேண்டுமா?

நான் மூன்றாவதைச் செய்தேன். அது சரிதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பாடப்புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். முதியோரை நடக்க ஊக்குவிப்பது பற்றி நீளமாக எழுதியிருக்கிறார்கள். நடப்பவரை உட்கார வைப்பது பற்றி ஒரு வரி கிடையாது.

முதலிலிருந்து சொல்கிறேன். (இந்த இடத்தில் என் கணவர், "முதல்ல இருந்தா? அப்ப நான் சாப்பிட்டு வந்துடறேன்" என்பார். நீங்களும் வேண்டுமானால் சாப்பிட்டு வாருங்கள்.)

நான் மலேசியாவில், ஜோகூர் மாநிலத்துக் குளுவாங்கில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி சிங்கப்பூருக்குப் போனேன். மகன் கவின் தவழ ஆரம்பித்த நேரமாகப் பார்த்து, வேறு எந்தப் புத்தியுள்ள பெண்ணும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தேன். சமூகப் பணி படிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டேன். பால் புட்டியும் பாடப்புத்தகமும் ஒரே பையில் பயணம் செய்தன. என்னுடைய 'மனித வளர்ச்சி' புத்தகத்தில் குழந்தைப் பருவம் என்ற அத்தியாயம் முழுக்கப் பால் கறைதான். படிக்காமலே அந்த அத்தியாயம் எனக்குப் புரிந்துவிட்டது.

இரண்டாம் ஆண்டில் ஓர் இடி விழுந்தது. எல்லா மாணவர்களும் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போயே ஆக வேண்டும். ஒருத்தி நேப்பாளத்துக்குப் பெயர் கொடுத்தாள். ஒருவன் கம்போடியாவுக்கு. ஊசி போட்டுக்கொண்டார்கள், மலையேறும் காலணி வாங்கினார்கள். நான் மட்டும் கவினை இடுப்பில் வைத்துக்கொண்டு உலக வரைபடத்தைப் பார்த்தபடி நின்றேன். இருப்பதிலேயே மிக அருகில் உள்ள வெளிநாடு எது? ஜன்னல் வழியாகப் பார்த்தாலே தெரிந்தது. ஜோகூர்.

'முதியோர் பகல் பராமரிப்பு மையம், குளுவாங், ஜோகூர், மலேசியா' என்று எழுதிக் கொடுத்தேன். என் அம்மா வீட்டிலிருந்து நடந்தே போகும் தூரம். கவினை அம்மா பார்த்துக்கொள்வார். கடல் கடக்க வேண்டும் என்பதுதானே விதி? சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கும் பாலத்துக்குக் கீழே ஓடுவது கடல்தானே? பாஸ்போர்ட்டில் முத்திரையும் விழுகிறது. பல்கலைக்கழகம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டது. வகுப்புத் தோழர்கள் எனக்கும் ஒரு கொசுவலை பரிசளித்தார்கள். குளுவாங் பேருந்து நிலையத்தில் அம்மா நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு காத்திருந்து, "என்னடி இப்படி எளச்சிட்ட?" என்று வரவேற்றார். என் வெளிநாட்டு வாழ்க்கை இப்படித் தொடங்கியது.

மையம் ஒரு பழைய ஒற்றை மாடி வீடு. காலையில் வேன் பெரியவர்களைக் கொண்டுவந்து இறக்கும், மாலையில் ஏற்றிக்கொண்டு போகும். (பாலர் பள்ளி மாதிரியேதான். இங்கே இறக்கிவிடும்போது அழுவது மட்டும் குறைவு.) பெரும்பாலோர் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர்கள். பொறுப்பாளர் சரோஜா அக்கா. எதற்கும் பதறாதவர். நான் எதற்கும் பதறுபவள். அதனால் எங்கள் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது.

முதல் நாளே எல்லோரும் என்னை "மிஸ்ஸி" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இந்த ஊரில் தாதியைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள்.

"நான் மிஸ்ஸி இல்ல தாத்தா. சமூகப் பணி மாணவி."

"சரி மிஸ்ஸி."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

என் பதற்றத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் கவினுக்குப் பப்பாளிப் பழத்தை எவ்வளவு சின்னதாக நறுக்குவேனோ, அவ்வளவு சின்னதாகத்தான் மையத்திலும் நறுக்குவேன். ஆயுள் முழுக்கக் காட்டில் வேலை செய்த மனிதரிடம் போய் "ஆ... காட்டுங்க" என்றிருக்கிறேன். ஒரு நாள் பழக்கதோஷத்தில் ஒரு பெரியவரிடம் "உச்சா வருதா?" என்று கேட்டேவிட்டேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, "வந்தா நானே போவேன் மிஸ்ஸி, தேங்க்ஸ் லா" என்றார்.

பயிற்சிக்காக நான் மூன்று பேரை எடுத்துக்கொண்டேன். அவர்களை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், என்னைக் கவிழ்த்தவர்கள் இவர்கள்தான்.

முதலாமவர் முனியாண்டி தாத்தா. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை ஆனவர். எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தாத்தா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பிசியோ செய்ய வரும் தம்பி கெஞ்சிப் பார்த்தான், மிரட்டிப் பார்த்தான். தாத்தா நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, கப்பலில் உட்கார்ந்திருப்பவர் போல அசையாமல் இருந்தார். 'எலும்பு கூடியது, நம்பிக்கை கூடவில்லை' என்று நான் அறிக்கையில் எழுதினேன். எழுதிவிட்டு அந்த வாக்கியத்தை நானே பலமுறை படித்து ரசித்தேன்.

இரண்டாமவர் அங்கம்மா பாட்டி. யாரோடும் பேசமாட்டார். தலையாட்டுவார், இல்லையென்றால் அதுவும் கிடையாது. அவருடைய தனிமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். மூன்றாமவர் சுப்பையா தாத்தா. தோட்டத்தில் தண்டலாக, அதாவது ஆட்களை வேலை வாங்கும் கங்காணியாக இருந்தவர். இப்போது ஞாபகம் நழுவுகிறது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "இன்னும் சோறு போடலியா?" என்பார். அவருக்காக நான் ஞாபகப் பயிற்சி அட்டைகள் செய்திருந்தேன். (கவின் அவற்றில் பாதியைக் கடித்துவிட்டான்.)

பயிற்சி முடியும் தறுவாயில் என் பேராசிரியர் டாக்டர் வோங் சிங்கப்பூரிலிருந்து நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. என் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, நான் எழுதியதும் நேரில் இருப்பதும் பொருந்துகிறதா என்று பார்ப்பார். பொருந்தாவிட்டால் தேர்ச்சி இல்லை. மறுபடி முதலிலிருந்து ஒரு முழுப் பயிற்சி. மறுபடி கணவரை விட்டு, மறுபடி அம்மா வீடு. கவின் ஏற்கெனவே கைப்பேசியைத் தூக்கி முத்தம் கொடுத்து, அதையே "அப்பா" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான். நேரில் வந்த நிஜ அப்பாவைப் பார்த்து அழுதான். இன்னொரு தவணை தாங்காது, எங்கள் யாருக்குமே.

அதனால் முந்தின நாள் மாலை, வேன் வருவதற்கு முன்னால், எல்லோரையும் கூட்டி நிதானமாகச் சொன்னேன். "நாளைக்கு சிங்கப்பூர்ல இருந்து ஒரு பெரியவங்க வர்றாங்க. என்னோட வேலையப் பார்க்க வர்றாங்க. நீங்க யாரும் பயப்பட வேணாம். எப்பவும் போல இருங்க."

சுப்பையா தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எப்பவும் போலத்தானே மிஸ்ஸி?"

"ஆமா தாத்தா."

"வெளங்கிருச்சு."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஞாபகம் நழுவுகிறவர் விஷயத்தை இவ்வளவு கச்சிதமாகப் பிடித்துக்கொண்டாரே என்று அன்றிரவு கணவரிடம் போனில் பெருமையடித்தேன்.

மறுநாள் காலை, நான் இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டையில் கவின் பாலைக் கக்கினான். அம்மாவின் ரவிக்கையை ஊக்குகளால் இறுக்கி, புடவையைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். அழும் கவினை அம்மா பிடித்துக்கொண்டார். மையத்தை நெருங்கும்போதே ஒரு சத்தம். டங், டங், டங். தகரத்தில் அடிக்கும் சத்தம். தீ விபத்து என்றே நினைத்துவிட்டேன்.

வாசலில் கண்ட காட்சியை எப்படிச் சொல்வது? அத்தனை பெரியவர்களும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஆண்கள் தலைக்கு எண்ணெய் வைத்து வகிடெடுத்திருந்தார்கள். பெண்கள் கோயில் திருவிழாவுக்கு எடுத்து வைத்த சேலைகளில், தலையில் பூவோடு. சமையல்கார அக்கா பவுடர் டப்பாவோடு வரிசை நெடுகப் போய் ஒவ்வொரு முகமாகப் பூசிக்கொண்டிருந்தார். கைத்தடிகளைக் காணோம். நடைச் சட்டங்களைக் காணோம். மருந்து வண்டியைக் காணோம். வரிசைக்கு முன்னால் மைலோ டின்னும் கரண்டியுமாகச் சுப்பையா தாத்தா.

"அங்கம்மா!"

"இருக்கேன் தண்டலய்யா!"

என்னிடம் இத்தனை வாரமாக வாய் திறக்காத அங்கம்மா பாட்டியின் குரல் அடுத்த தெருவுக்குக் கேட்டது.

"தாத்தா, என்னா இது?"

"பெரட்டு மிஸ்ஸி."

பெரட்டு என்பது தோட்டத்தில் விடியுமுன் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவது. நான் டவுனில் வளர்ந்தவள், அப்பா ரயில்வேயில் வேலை செய்தவர். பெரட்டு என்ற சொல்லைக் கேள்விப்பட்டதோடு சரி.

"நீங்கதானே சொன்னீங்க, பெரியவங்க வர்றாங்க, எப்பவும் போல இருங்கன்னு? பெரிய தொர வந்தா எப்பவும் இப்படித்தான்." தோட்ட நிர்வாகியைத் துரை என்பார்கள், பேச்சில் அது 'தொர'.

"தொர இல்ல தாத்தா, அவங்க பொம்பள!"

"பொம்பளத் தொர. என்னா இப்ப? காலம் மாறிப் போச்சுல்ல?"

"சரோஜா அக்கா எங்க?"

"பலகாரம் வாங்க பாசாருக்குப் போயிருக்காங்க."

அப்போதுதான் தூணுக்குப் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தேன். நின்றவர் என்றால், காலால். முனியாண்டி தாத்தா. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முகமெல்லாம் பவுடர்.

"தாத்தா! நிக்கிறீங்க!"

"ஏன், நிக்கக் கூடாதா?"

"உங்க நாற்காலி எங்க?"

"துணி தொவைக்கிற மெஷினுக்குப் பின்னால. எடுத்துறாத. தொர பாத்தா அசிங்கம்."

நான் பின்கட்டுக்கு ஓடினேன். நாற்காலியை இழுத்துக்கொண்டு வருவதற்குள் கார் வந்து நின்றுவிட்டது. டாக்டர் வோங் என் அறிக்கையோடு இறங்கினார். அதே நேரம் பார்த்து, கவின் அடங்கவில்லை என்று அம்மாவும் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். அம்மா தோட்டத்தில் பிறந்தவர். வரிசையைப் பார்த்தார், காரைப் பார்த்தார். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல், கவினோடு போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார்.

"அம்மா! நீங்க எதுக்கு?"

"சும்மா இருடி. நிக்கச் சொன்னா நிக்கணும்."

டாக்டர் வோங் சிரித்தபடி கேட்டுக்குள் வந்தார். "நான் முதலில் மிஸ்டர் முனியாண்டியைப் பார்க்கலாமா? சக்கர நாற்காலியில் இருப்பவர்" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

தன் பெயர் காதில் விழுந்ததுதான் தாமதம். முனியாண்டி தாத்தா தூணை விட்டார். ஒரு அடி எடுத்து வைத்தார். இன்னொன்று. வாசலைத் தாண்டி, சிமெண்டுத் தரையில் இறங்கி, டாக்டர் வோங்கை நோக்கி நேராக நடந்து போய், நெற்றியில் கை வைத்து சலாம் போட்டார். போட்டுவிட்டு நின்றாரா என்றால் இல்லை. நடக்க வந்துவிட்டது என்ற உற்சாகமோ என்னவோ, கேட்டை நோக்கித் திரும்பி மேலும் நடந்தார்.

நான் காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"தாத்தா, தயவுசெய்து நடக்காதீங்க! உட்காருங்க!"

"எனக்கு என்னா? நான் நல்லாத்தான் இருக்கேன்."

"விழுந்துடுவீங்க தாத்தா!"

"நீ விழுந்துறாத. சேல தடுக்குது பாரு."

தடுக்கத்தான் செய்தது. ஓர் ஊக்கு கழன்றது. நல்ல திடகாத்திரமாக நடக்கும் ஒரு மனிதரை, சக்கர நாற்காலியோடு விரட்டிப் பிடித்து உட்கார வைக்கப் பார்க்கும் மாணவியை டாக்டர் வோங் பார்த்தார். பிறகு கையிலிருந்த அறிக்கையைப் பார்த்தார். பிறகு மறுபடி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்றும் சில ராத்திரிகளில் வந்து என்னை எழுப்பும். தாத்தா விழுந்துவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது. ஆனால் அந்த ஓட்டத்தில் எத்தனை பங்கு தாத்தாவின் எலும்புக்காக, எத்தனை பங்கு என் அறிக்கைக்காக என்று கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியாது. (கேட்காதீர்கள்.)

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் சரிவுதான். டாக்டர் வோங் கேள்வி கேட்பார், நான் தமிழில் கேட்டு, பதிலை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். அங்கம்மா பாட்டியிடம், "இங்கே தனிமையாக உணர்கிறீர்களா?" என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"தனியாவா? இத்தன சனம் இருக்கு, எப்பிடித் தனியா இருக்க முடியும்? சாப்பாடு நல்லாருக்கு, மிஸ்ஸி தங்கமான புள்ள, சரோஜா தங்கமான புள்ள, வேன் ஓட்டுற பையன் தங்கமான புள்ள..." பாட்டி நிறுத்தவேயில்லை. மையத்தில் இருந்த பூனையும் தங்கமான பிள்ளையாகி முடியும்வரை பேசினார்.

"பாட்டி, முழங்காலப் புடிச்சுக்கிட்டு நேத்து அழுதீங்களே?" என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தேன்.

"யாரு, நானா? நான் எதுக்கு அழுவறேன்?"

"தைலம் தேச்சு விட்டேனே பாட்டி!"

"அது வேற யாருக்காச்சும் தேச்சிருப்ப."

"என்ன சொல்கிறார்?" என்றார் டாக்டர் வோங்.

"வலி எதுவும் இல்லை என்கிறார்" என்றேன். என்ன செய்வது, மொழிபெயர்ப்பில் நேர்மை வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களே.

சுப்பையா தாத்தாவின் ஞாபகம் எப்படி இருக்கிறது என்று சோதிக்க, காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்கச் சொன்னார். தாத்தா அதற்குப் பதிலாக எழுந்து நின்று, அந்தக் காலத்துத் தோட்டத்தில் தன் கீழே வேலை பார்த்த அத்தனை பேரின் பெயரையும், ஒவ்வொருவரும் எந்த நிரையில் மரம் வெட்டினார்கள் என்பதோடு, மூச்சு விடாமல் ஒப்பித்தார். நடுநடுவே மைலோ டின்னில் ஒரு தட்டு. கடைசியில் "சின்ன ஆளு ஒண்ணு கூட!" என்று கவினைக் காட்டினார்.

"இதுக்கேன்!" என்றான் கவின் மழலையில்.

டாக்டர் வோங் பேனாவை மூடினார். "பவானி, இந்த அறிக்கையில் உள்ளவர்களும் இவர்களும் ஒரே ஆட்கள்தானா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சரோஜா அக்கா பலகாரத்தோடு திரும்பி வந்து, முனியாண்டி தாத்தா நிற்பதைப் பார்த்து, "அலமாக்!" என்று பெட்டியைக் கீழே போடப் பார்த்தார். எதற்கும் பதறாத சரோஜா அக்கா பதறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். விளக்கம் சொல்வதற்குள் டாக்டர் வோங் ஒரே ஒரு பலகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கார் தெருமுனையில் திரும்பியது.

"தொர போயாச்சா?" என்றார் சுப்பையா தாத்தா.

"போயாச்சு."

அவ்வளவுதான். கூடாரத்தின் கயிற்றை அறுத்த மாதிரி மொத்தப் பேரும் சரிந்தார்கள். முனியாண்டி தாத்தா நாற்காலியில் விழுந்து, "ஐயோ என் இடுப்பு" என்றார். அங்கம்மா பாட்டி தரையில் உட்கார்ந்து சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு, "மிஸ்ஸி, அந்தத் தைலம் எங்க?" என்றார். சுப்பையா தாத்தா டின்னைக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் சோறு போடலியா?" என்றார். அந்த நிமிடம், என் அறிக்கையின் ஒவ்வொரு வரியும், என் கண் முன்னால், அச்சு அசலாக உண்மையாகிக்கொண்டிருந்தது. பார்க்க வேண்டியவர் மட்டும் இல்லை.

நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். கவின் வந்து என் மூக்கைத் துடைத்துவிட்டு, துடைத்த கையை என் புடவையிலேயே துடைத்தான்.

அப்போது பார்த்து கார் திரும்பி வந்தது. டாக்டர் வோங் குடையை விட்டுவிட்டுப் போயிருந்தார்.

சுப்பையா தாத்தா டின்னைத் தேடினார். முனியாண்டி தாத்தா நாற்காலியின் கைகளைப் பிடித்து மறுபடி எழ முயன்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல், "தாத்தா, உட்காருங்க! எந்திரிச்சீங்கன்னா நான் செத்துருவேன்!" என்று கத்திவிட்டேன். பராமரிப்பில் உள்ளவரிடம் குரலை உயர்த்தக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அதைப் பேராசிரியரின் முன்னிலையில் மீறினேன்.

டாக்டர் வோங் உள்ளே வந்தார். தைலம், தூக்கிய சேலை, வேர்வையில் கரைந்த பவுடர், எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு முனியாண்டி தாத்தாவின் பக்கத்தில் கிடந்த தாழ்வான ஸ்டூலில் மெல்ல உட்காரப் போனார். பாதி வழியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ" என்றார்.

இந்த ஒரு சொல்லை இந்த ஊரில் யாரும் யாருக்கும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. சீனர், மலாய்க்காரர், தமிழர், எல்லோருக்கும் அது ஐயோதான்.

முனியாண்டி தாத்தா குனிந்து பார்த்தார். "தொரைக்கும் முட்டி வலியா? எந்த முட்டி, கேளு."

கேட்டேன். வலது.

"எனக்கு எடது இடுப்பு. கீழ ஊனுனா சுருக்குனு இழுக்குது. விழுந்துருவோம்னு பயம், சொல்லு."

சொன்னேன். அப்படியே மொழிபெயர்த்தேன். அதற்குப் பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. டாக்டர் வோங்கின் கையில் அங்கம்மா பாட்டியே தைலத்தை ஊற்றினார். அந்தச் சபையில் எல்லா வலிகளும் பெயரோடும் வயதோடும் பேசப்பட்டன.

"ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேள்" என்றார் டாக்டர் வோங்.

அங்கம்மா பாட்டி என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "தோட்டத்துல நோவுன்னு சொன்னா பேரு வெட்டிருவாங்க. பேரு போனா தோட்டம் குடுத்த லயத்து வீடும் போச்சு. ஆளுங்க சொகமில்லன்னா தண்டலுக்கும் ஏச்சு விழும். ஒன் வேலையப் பாக்க வர்றாங்கன்னு சொன்ன. நாங்க நோவுன்னு கெடந்தா ஒன் பேரத்தானே வெட்டுவாங்க? புள்ளக்காரி. அதான் எல்லாரும் கொஞ்சம் பல்லக் கடிச்சுக்கிட்டோம்."

இதை மட்டும் என்னால் உடனே மொழிபெயர்க்க முடியவில்லை. அம்மாதான் கவினை இறக்கிவிட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்: "தே திங்க் யூ சேக் மை டாட்டர்." 'சேக்' (பேரு வெட்டுவதுதான்) என்று சொல்லும்போது கழுத்தில் கத்தி வைப்பது போலக் கை காட்டினார். டாக்டர் வோங் புரிந்துகொண்டார்.

நான் தேர்ச்சி பெற்றேன். 'மாணவிக்கும் முதியவர்களுக்கும் இடையிலான பிணைப்பு மிக வலுவானது, சில நேரங்களில் ஆபத்தான அளவுக்கு' என்று எழுதியிருந்தார். கவினுக்கு நிஜ அப்பா திரும்பக் கிடைத்தார்.

எங்கள் வீட்டில் இப்போது விருந்தாளி வருகிறார்கள் என்றாலே கணவர் தட்டில் கரண்டியால் அடித்து, "பெரட்டு!" என்பார். கவின் எங்கிருந்தாலும் ஓடிவந்து விறைப்பாக நின்று, "இதுக்கேன்!" என்பான். போன மாதம் என் மாமியார் வந்திருந்தபோது அப்படித்தான் நின்றான். முகம் சிவந்திருந்தது. "ஒடம்பு எப்படிடா?" என்றேன். "நல்லாதான் இதுக்கேன்" என்றான். தொட்டுப் பார்த்தால் நெருப்பு. என்னைப் போன்ற தாய்க்கு இது தேவையா, சொல்லுங்கள்.

ஆனால் நான் எழுத வந்த காரணம் அது இல்லை.

டாக்டர் வோங் வந்துபோன மறுநாள் முனியாண்டி தாத்தா நாற்காலியை விட்டு இறங்க மறுத்துவிட்டார். பிசியோ தம்பி, "நேத்து நடந்தீங்களே தாத்தா" என்றான். "அது தொர வந்த நாளு. இன்னிக்குத் தொர வர்றாங்களா?" என்றார். அதற்கு அடுத்த நாளும் அதே கேள்வி.

நான் சிங்கப்பூர் திரும்பிய பிறகு ஒரு திங்கட்கிழமை காலை சரோஜா அக்கா போன் செய்தார். "பவானி, கால் மரத்துப் போகுது அவருக்கு. பிசியோ கவலப்படறான். ஒரே ஒரு தடவ, நீ சொல்லேன் லா." ஸ்பீக்கரில் போட்டார். நான் சொன்னேன். "தாத்தா, தொர வர்றாங்களாம்." அவ்வளவுதான் சொன்னேன். தாத்தா எழுந்து கேட்டுவரை நடந்தாராம். சரோஜா அக்கா போனிலேயே அழுதார்.

அதற்குப் பிறகு எல்லாத் திங்கட்கிழமையும் போன் வருகிறது.

டாக்டர் வோங்கிடம் கேட்டேன், நிஜமாகவே ஒரு தடவை வர முடியுமா, இல்லை, இந்தப் பொய்யை நான் நிறுத்த வேண்டுமா என்று. "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேட்டார். (சமூகப் பணி ஆசிரியர்கள் எதற்கும் பதில் சொல்வதில்லை. அதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம்.) கணவரைக் கேட்டால், "நடக்கிறாரா இல்லையா? அப்புறம் என்ன?" என்கிறார். அம்மாவைக் கேட்டால், "பாவம்டி, எத்தன நாளுக்கு ஏமாத்துவ?" என்கிறார். இரண்டும் சரியாகத்தான் படுகிறது. எனக்கு எப்போதும் எல்லாம் சரியாகத்தான் படும், அதுதான் என் வியாதி.

போன வாரம் சரோஜா அக்கா ஒரு படம் அனுப்பினார். முனியாண்டி தாத்தா வெள்ளைச் சட்டையும் பவுடரும் பூசி, ஒரு கையால் கேட்டைப் பிடித்துக்கொண்டு, தெருவைப் பார்த்து நிற்கிறார். நெடுநேரம் நின்றாராம். கார் எதுவும் வரவில்லை. "பாலத்துல ஜாம் போல" என்று தானே சொல்லிக்கொண்டு திரும்பி நடந்தாராம். திரும்பி நடந்ததையும் சேர்த்தால், பிசியோ தம்பி கேட்டதைவிட அதிக தூரம்.

உண்மையைச் சொன்னால் அவர் உட்கார்ந்துவிடுவார். சொல்லாவிட்டால் கேட்டில் போய் நிற்பார். ஜோகூரில் பாலத்தில் ஜாம் என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது மட்டும்தான் இப்போதைக்கு எனக்குத் துணை.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருப்பார்கள், உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். நான் என்ன செய்யட்டும்? திங்கட்கிழமை காலை போன் அடிப்பதற்குள் யாராவது சொல்லுங்கள்.